மலாபோவில் விழுந்த சிவப்பு அட்டை: 2013இல் கேப் வெர்டே ஒரு குழுவையே இழந்த கணக்கு

2013 செப்டம்பர் 7, துனிசியாவின் ராதேஸ் அரங்கம். பிரேசில் உலகக் கோப்பைக்கான ஆப்பிரிக்கத் தகுதிச் சுற்றில் ‘பி’ குழுவின் கடைசி ஆட்டம். துனிசியா 11 புள்ளி, கேப் வெர்டே 9 புள்ளி. துனிசியாவுக்கு டிரா போதும். கேப் வெர்டே ஜெயித்தே ஆக வேண்டும். பிளாதினி ஒரு கோல், எல்டன் ஒரு கோல். 2-0 என்று ஜெயித்தும் விட்டது. 12 புள்ளியோடு குழுவில் முதலிடம். அடுத்து இருப்பது வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக இரண்டு ஆட்டம் கொண்ட பிளே-ஆஃப் மட்டும். ஐந்து லட்சம் பேர் வாழும் தீவு நாட்டுக்கும் உலகக் கோப்பைக்கும் நடுவே மிச்சமிருந்தது 180 நிமிடம்.

செப்டம்பர் 12 அன்று ஃபிஃபாவின் ஒழுங்குக் குழு தீர்ப்பு வெளியிட்டது. ராதேஸ் ஆட்டத்தின் முடிவு துனிசியாவுக்கு 3-0. கேப் வெர்டே சங்கத்துக்கு 6,000 சுவிஸ் பிராங்க் அபராதம். பட்டியல் தலைகீழாகி துனிசியா 14, கேப் வெர்டே 9 என்றானது. நான்கு நாள் கழித்து கெய்ரோவில் பிளே-ஆஃப் குலுக்கல் நடந்தபோது கிண்ணத்தில் இருந்தது துனிசியாவின் பெயர்.

தீர்ப்பு சுட்டிய காரணம் ஒன்றுதான். பின்கள வீரர் பெர்னாண்டோ வரேலா நான்கு ஆட்டத் தடையை முழுதாகக் கழிக்காமலேயே ராதேஸில் களமிறக்கப்பட்டார். அந்தத் தடை எங்கிருந்து வந்தது, எப்படி எண்ணப்பட்டிருக்க வேண்டும், எந்த இடத்தில் எண்ணிக்கை தவறியது என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். பெரும்பாலான செய்திகள் இதை ‘தகுதியற்ற வீரரை ஆட வைத்தார்கள்’ என்ற ஒரே வரியில் முடித்துவிட்டன. அந்த வரிக்குள் அதைவிடச் சிக்கலான கணக்கு ஒன்று கிடக்கிறது.

அணி வந்த தூரம்

கேப் வெர்டே மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் கிடக்கும் பத்துத் தீவுகள். அவற்றில் ஒன்பதில் ஆள் வாழ்கிறார்கள். 1975 ஜூலை 5 அன்று போர்த்துகலிடமிருந்து விடுதலை. கால்பந்துச் சங்கம் 1982இல் தொடங்கி 1986இல் ஃபிஃபாவில் சேர்ந்தது. நாடு முழுவதற்கும் ஒரே லீக் என்பது அங்கே கட்டுப்படியாகாது. ஒவ்வொரு வார இறுதியிலும் அணிகளைத் தீவு விட்டுத் தீவு விமானத்திலோ படகிலோ ஏற்ற வேண்டிவரும். ஆகவே தீவுக்குத் தீவு தனி லீக். சாந்தியாகு, சாந்து அந்தாவ் ஆகிய இரண்டு தீவுகளும் வடக்கு, தெற்கு என்று இரண்டிரண்டாகப் பிரிந்து ஆடுகின்றன. எல்லா லீகிலும் ஜெயித்தவர்கள் கடைசியில் தேசியப் பட்டத்துக்கு மோதுகிறார்கள்.

தேசிய அணிக்கோ பெரும்பாலான ஆட்டக்காரர்கள் வெளியிலிருந்து வருகிறார்கள். நாட்டுக்குள் இருப்பவர்களைவிட வெளிநாட்டில் வாழும் கேப் வெர்டே வம்சாவளியினர் அதிகம். லிஸ்பன், ராட்டர்டாம், பாரிஸ், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து என்று சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களில் திறமைசாலிகளைப் பெரிய நாடுகள் எடுத்துக்கொண்டது பழைய கதை. 2010 உலகக் கோப்பையில் ஸ்பெயினை 1-0 என்று வீழ்த்திய சுவிட்சர்லாந்தின் கோலை அடித்த கெல்சன் பெர்னாண்டஸ் பிறந்தது கேப் வெர்டேவின் தலைநகர் பிரயாவில்.

2012இல் அந்த நிலை மாறத் தொடங்கியது. ஆப்பிரிக்கக் கோப்பைக்கான கடைசித் தகுதிச் சுற்றில் கேமரூனைப் பிரயாவில் 2-0 என்று வென்று, யவுண்டேயில் 1-2 என்று தோற்று, மொத்தம் 3-2 என்ற கணக்கில் முதல்முறையாக உள்ளே போனார்கள். 2013 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் போட்டி. தென்னாப்பிரிக்காவுடன் 0-0, மொராக்கோவுடன் 1-1. அங்கோலாவுக்கு எதிராக 0-1 என்று பின்தங்கியிருந்து கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் போட்டு 2-1. அந்த இரண்டில் முதல் கோலை அடித்தவர் இதே வரேலாதான். கால் இறுதியில் கானாவிடம் 0-2 என்று வெளியேறினார்கள். பயிற்சியாளர் லூசியோ அந்துனெஸின் நிரந்தர உத்தியோகம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. விடுப்பு எடுத்துக்கொண்டுதான் அணியை நடத்தினார். சங்கத்தின் அளவு என்ன, அங்கே எத்தனை பேர் எத்தனை வேலை பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்க இந்த ஒரு தகவல் போதும்.

ஆறு ஆட்டங்கள்

உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று இதற்கு நடுவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. குழுவில் துனிசியா, சியரா லியோன், ஈக்வடோரியல் கினி, கேப் வெர்டே. முதலிடத்துக்கு மட்டுமே பிளே-ஆஃப். தொடக்கம் மோசம். 2012 ஜூனில் சியரா லியோனிடம் 1-2, அடுத்து சொந்த மண்ணில் துனிசியாவிடமும் 1-2. இரண்டு ஆட்டம், பூஜ்யம் புள்ளி.

மூன்றாவது ஆட்டம் 2013 மார்ச் 24, ஈக்வடோரியல் கினியின் அன்றைய தலைநகர் மலாபோவில். 4-3 என்று ஈக்வடோரியல் கினி ஜெயித்தது. எமிலியோ என்சூவே மூன்று கோல் அடித்தார். அதே ஆட்டத்தில் வரேலா சிவப்பு அட்டை வாங்கினார். ஆட்ட அதிகாரி ஒருவரிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்பது குற்றம். முரட்டுத்தனமாகக் காலை வாரியதற்கு வரும் சிவப்பு அட்டை பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆட்டத்தோடு போய்விடும். அதிகாரியிடம் கைகாட்டியதற்கும் வாய்விட்டதற்கும் அப்படி இல்லை, தண்டனை நீளும். வரேலாவுக்கு நான்கு ஆட்டம் விதிக்கப்பட்டது.

மூன்று ஆட்டம், பூஜ்யம் புள்ளி என்ற நிலையில் கேப் வெர்டேவின் கதை முடிந்ததாகத்தான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அப்போது விதிப்புத்தகம் அவர்கள் பக்கம் திரும்பியது. மூன்று கோல் அடித்த என்சூவே மயோர்காவில் பிறந்து ஸ்பெயினின் இளையோர் அணிகளில் ஆடியவர். ஒரு நாட்டுக்காக அதிகாரபூர்வப் போட்டியில் ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு மாற வேண்டுமானால் ஃபிஃபாவிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்கியாக வேண்டும். தந்தையின் ஊர் எதுவாக இருந்தாலும் அந்தத் தாள் இல்லாமல் ஆட முடியாது. அந்த அனுமதி இல்லாமலே அவர் ஆடியிருந்தார். 4-3 தோல்வி கேப் வெர்டேவுக்கு 3-0 வெற்றி என்று மாற்றப்பட்டது. ஜூன் 8 அன்று பிரயாவில் இதே அணிகள் மோதிய இரண்டாம் ஆட்டத்திலும் என்சூவே இறங்கினார். அதைக் கேப் வெர்டே களத்திலேயே 2-1 என்று வென்றிருந்தது. அதுவும் 3-0 ஆனது. அடுத்த வாரம் சியரா லியோன் மீது 1-0. அதற்குப் பின் ராதேஸ்.

வரேலாவுக்கு அட்டை விழுந்ததும் முடிவு மாற்றப்பட்டதும் ஒரே ஆட்டம். கோளாறு பிறந்தது அங்கேதான்.

ஆட்டம் ரத்தா, முடிவு மட்டும் மாற்றமா?

மலாபோ ஆட்டத்தின் முடிவு மாற்றப்பட்டதும் அதில் விழுந்த அட்டையும் அதோடு போய்விட்டது என்று கேப் வெர்டே தரப்பு எடுத்துக்கொண்டது என்பதே அன்று செய்திகளில் வந்த விளக்கம். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். நடக்காததாகக் கருதப்படும் ஆட்டத்தில் வாங்கிய அட்டை எப்படி நிற்கும்?

விதி அப்படிச் சொல்லவில்லை. தகுதியற்ற வீரரை இறக்கிய அணிக்கு விதிக்கப்படுவது ஆட்டப் பறிப்பு: அந்த அணி 0-3 என்று தோற்றதாகப் பதிவாகும். களத்தில் அதைவிட மோசமாகத் தோற்றிருந்தால் களத்து முடிவே நிற்கும். மாறுவது முடிவு மட்டும். ஆட்டம் நடந்தது நடந்ததுதான். நடுவரின் அறிக்கை கோப்பில் அப்படியே இருக்கும். அன்றைய ஒழுங்கு விதித்தொகுப்பில் இதற்கெனத் தெளிவான வாசகமும் உண்டு: பின்னால் கைவிடப்பட்ட, ரத்தான ஆட்டத்தில் காட்டப்பட்ட சிவப்பு அட்டைகூட அடுத்த ஆட்டத் தடையைத் தானாகவே கொண்டுவரும். ரத்தான ஆட்டத்து அட்டையே நிற்கும் என்றால், முடிவு மட்டும் மாறிய ஆட்டத்து அட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதன் மறுபாதியையும் பார்க்க வேண்டும். தடையில் இருக்கும் வீரர் வெளியே உட்கார்ந்திருந்த ஆட்டம் பின்னால் பறிக்கப்பட்டால், அந்த ஆட்டம் தடைக் கணக்கில் சேருமா? பறிப்புக்கு அந்த வீரரின் சொந்த அணி காரணமில்லை என்றால் சேரும். ஜூன் 8 ஆட்டத்தில் குற்றம் ஈக்வடோரியல் கினி மீது. ஆகவே அந்த ஆட்டம் வரேலாவின் தடையில் ஒன்றாகக் கழியும். ஒரே எதிரணி, ஒரே குற்றம், ஒரே வீரரால் பறிக்கப்பட்ட இரண்டு ஆட்டங்கள். ஒன்றில் விழுந்த அட்டை அழியவில்லை, மற்றதில் கழித்த தடை வீணாகவும் இல்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால் விதியின் போக்கு புரியும்: ஸ்கோர் திருத்தப்பட்டாலும் அட்டைக் கணக்கு அதன் வழியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்போது வரேலாவின் கணக்கை ஒரு பதிவேட்டில் எழுதுவது போல எழுதிப் பார்க்கலாம்.

மார்ச் 24, மலாபோ: சிவப்பு அட்டை. தடை 4. மீதி 4.
ஜூன் 8, பிரயா, ஈக்வடோரியல் கினி: ஒன்று கழிந்தது. மீதி 3.
ஜூன், பிரயா, சியரா லியோன்: ஒன்று கழிந்தது. மீதி 2.
செப்டம்பர் 7, ராதேஸ், துனிசியா: மீதி 2 இருக்கிறது. ஆடக் கூடாது.
பிளே-ஆஃப் முதல் ஆட்டம்: மீதி 1 இருக்கிறது. ஆடக் கூடாது.
பிளே-ஆஃப் இரண்டாம் ஆட்டம்: ஆடலாம்.

மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் நடுவே கேப் வெர்டே இந்தச் சுற்றில் ஆடியதே இரண்டு ஆட்டம். நான்கைக் கழிக்க அங்கே இடமே இல்லை. எந்த வழியில் எண்ணினாலும் ராதேஸில் வரேலா ஆட வழியில்லை, ‘தடையே இல்லை’ என்று முடிவு கட்டினால் ஒழிய. அப்படியானால் இது எண்ணிக்கைப் பிழை அல்ல. விதியை வாசித்ததில் வந்த பிழை. இந்த வேறுபாடு முக்கியம். எண்ணிக்கைப் பிழையை இன்னொருவர் ஒரு தடவை சரிபார்த்தால் பிடித்துவிடலாம். வாசிப்புப் பிழையை எத்தனை பேர் சரிபார்த்தாலும், எல்லோரும் அதே தப்பான வாசிப்பை வைத்திருந்தால் பிடிக்க முடியாது. அதற்கு மருந்து ஒன்றுதான்: விதியை எழுதியவரிடமே எழுத்தில் கேட்பது. ‘மலாபோ முடிவு மாற்றப்பட்டதால் எங்கள் வீரரின் தடை எத்தனை ஆட்டம் மீதி?’ என்று ஃபிஃபாவுக்கு ஒரு வரிக் கடிதம். பதில் வரும்வரை அந்த வீரரை இறக்காமல் இருப்பது. வேறு செலவு கிடையாது.

ஆனால் அன்றைய நிலையில் இறக்காமல் இருப்பது லேசான காரியமா? டிரா போதாது, வெற்றி மட்டுமே வேண்டும் என்ற ஆட்டத்தில், ஆப்பிரிக்கக் கோப்பையில் கோல் போட்ட பின்கள வீரர் கையில் இருக்கிறார். ‘ஆடலாம்’ என்று யாராவது சொன்னால் எந்தப் பயிற்சியாளரும் நம்பத்தான் விரும்புவார். சந்தேகத்தை நமக்குச் சாதகமாகத் தீர்த்துக்கொள்ளும் ஆசை அதிகமாக இருக்கும் நாளில்தான் பதிவேட்டை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புள்ளிக் கணக்கைத் திருப்பிப் போட்டால்

கேப் வெர்டே கொள்ளையடிக்கப்பட்டது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் உண்டு. களத்தில் விழுந்த கோல்களை மட்டும் வைத்து எண்ணிப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது.

களத்து முடிவுகள்படி கேப் வெர்டே முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றது, பின் மூன்றில் வென்றது. 9 புள்ளி. துனிசியா மூன்று வெற்றி, இரண்டு டிரா, ராதேஸில் ஒரு தோல்வி. 11 புள்ளி. ஃபிஃபா எந்த ஆட்டத்தையும் தொடாமல் விட்டிருந்தாலும் துனிசியாதான் முதலிடம். மலாபோ தீர்ப்பு மட்டும் நின்றால் கேப் வெர்டே 12, துனிசியா 11. இரண்டு தீர்ப்பும் நின்றால் கேப் வெர்டே 9, துனிசியா 14. அதாவது விதி கேப் வெர்டேவுக்கு மூன்று புள்ளி தந்தது, அதே மூன்றைத் திருப்பி வாங்கியது. கடைசியில் கேப் வெர்டேவின் பெயருக்கு நேரே நின்ற 9, அது களத்தில் சம்பாதித்த அதே 9.

இதை வைத்து ‘அப்படியானால் இழப்பே இல்லை’ என்று சொல்ல முடியாது. மலாபோவின் மூன்று புள்ளி சட்டப்படி அவர்களுடையது. அதை நம்பித்தான் ராதேஸுக்குப் போனார்கள், அங்கே ஜெயித்தார்கள். ஆனால் வேறொரு நாட்டின் தாள் பிழையால் உயிர் பெற்ற அணி தன் தாள் பிழையால் உயிர் விட்டபோது, விதி கொடுமையானது என்று முறையிட அதற்கு வாய் இல்லை.

அந்தப் பருவத்தில் கேப் வெர்டே தனியாகவும் இல்லை. எத்தியோப்பியா போட்ஸ்வானாவை 2-1 என்று வென்ற ஆட்டத்தில், இரண்டு மஞ்சள் அட்டையால் ஓர் ஆட்டத் தடையில் இருந்த மின்யாஹில் டெஷோமேயை இறக்கி மூன்று புள்ளியை இழந்தது. அப்படியும் குழுவில் முதலிடம் வந்தது அவர்கள் அதிர்ஷ்டம். டோகோ கேமரூனை 2-0 என்று வீழ்த்திய ஆட்டத்தில் அலெக்சிஸ் ரொமாவுக்கும் இதே இரண்டு மஞ்சள் சிக்கல். முடிவு கேமரூனுக்கு 3-0. கடைசியில் பிளே-ஆஃபில் மோதியவர்கள் துனிசியாவும் கேமரூனும். இருவருமே களத்தில் 0-2 என்று தோற்ற ஆட்டத்தைத் தாளில் 3-0 என்று வாங்கியவர்கள். ராதேஸில் 0-0, யவுண்டேயில் 4-1. கேமரூன் பிரேசிலுக்குப் போனது.

அட்டைப் பதிவேடு எப்படி இருக்க வேண்டும்

தடையைக் கண்காணிப்பது யார் வேலை? சங்கத்தின் வேலை. ஆட்டத்துக்கு முன், அதைக் கண்காணிக்க அனுப்பப்படும் அதிகாரி (மேட்ச் கமிஷனர்) வீரர் பட்டியலை வாங்கிக்கொள்வார், பாஸ்போர்ட்டைப் பார்ப்பார். அவர் பட்டியலை ஏற்றுக்கொண்டதாலேயே அதில் உள்ள எல்லோரும் ஆடத் தகுதியானவர்கள் ஆகிவிட மாட்டார்கள். ‘யாரும் தடுக்கவில்லையே’ என்ற வாதம் ஒழுங்குக் குழுவிடம் எடுபடாது. எதிரணி புகார் கொடுக்கவில்லை என்பதும் எடுபடாது; ஃபிஃபா தானாகவே வழக்கை எடுக்கலாம்.

கிளப் அணியில் இந்த வேலை எளிது. வாரம் ஓர் ஆட்டம், யாருக்கு என்ன தடை என்று எல்லோர் நினைவிலும் இருக்கும். தேசிய அணியில் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே மூன்று மாதம் போகும், சில நேரம் ஒன்பது மாதம் போகும். அதற்குள் பயிற்சியாளர் மாறுவார், மேலாளர் மாறுவார், வீரர் நடுவில் ஒரு அழைப்பில் காயத்தால் வராமல் இருப்பார். காயத்தால் அணிக்கே வராத வீரருக்கு அந்த ஆட்டம் தடையில் கழிந்ததா என்று தலையைச் சொறிய வேண்டிவரும். கிளப் ஆட்டத்தில் வாங்கிய தடையும் தேசிய அணித் தடையும் ஒன்றோடொன்று குழம்பும். நட்பு ஆட்டத்தில் உட்கார வைத்ததைத் தகுதிச் சுற்றுக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். இந்தக் குழப்பம் எதுவும் நினைவாற்றலால் தீராது.

தேவை ஒரு நோட்டுப் புத்தகம், அல்லது ஒரு எக்செல் தாள். வீரருக்கு ஒரு பக்கம். அட்டை விழுந்த தேதி, போட்டியின் பெயர், எதிரணி, மஞ்சளா சிவப்பா, நடுவர் அறிக்கையில் எழுதிய காரணம். அடுத்த கட்டத்தில் தானாக வரும் தடை எத்தனை. அதற்கும் அடுத்த கட்டத்தில் ஒழுங்குக் குழுவின் கடிதம் வந்த தேதி, அதில் உள்ள எண்ணிக்கை. கடிதம் வரும்வரை அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. ‘கடிதம் வரவில்லை’ என்று எழுத வேண்டும். காலிக் கட்டத்தைப் பார்ப்பவர் பூஜ்யம் என்று வாசிப்பார். பிறகு கழித்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனி வரி, தேதியோடு. ‘2 கழிந்தது’ என்று மொத்தமாக எழுதினால் எந்த இரண்டு என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. முடிவு மாற்றப்பட்ட ஆட்டங்களுக்குச் சிவப்பு மையில் ஒரு குறி. குறி போட்ட வரி எதையும் உள்ளூரில் தீர்க்கக் கூடாது, எழுதிக் கேட்க வேண்டும்.

சரிபார்ப்பு மூன்று தடவை. அழைப்புப் பட்டியல் வெளியிடும் முன், பயணத்துக்கு முன், ஆட்ட நாள் காலையில். மூன்றாவதைச் செய்பவர் முதல் இரண்டைச் செய்தவராக இருக்கக் கூடாது. அவருக்கும் பயிற்சியாளருக்கும் நடுவே கருத்து வேறுபாடு வந்தால் பதிவேடு சொல்வதே செல்லும் என்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்; பட்டியல் கொடுக்க அரை மணி நேரம் இருக்கும்போது அதைப் பேசித் தீர்க்க முடியாது.

இதெல்லாம் சின்னச் சங்கங்களுக்குச் சொல்லும் புத்திமதி என்று நினைத்தால் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கலாம். பணமும் ஆளும் உள்ள சங்கம். 2026 தகுதிச் சுற்றில் டெபோஹோ மொக்கோயெனா 2023 நவம்பரில் பெனின் ஆட்டத்தில் ஒரு மஞ்சள், 2024 ஜூனில் ஜிம்பாப்வே ஆட்டத்தில் இன்னொரு மஞ்சள் வாங்கினார். அடுத்த ஆட்டம் 2025 மார்ச் 21, லெசோத்தோவுடன். இரண்டாவது மஞ்சளுக்கும் அதற்கும் இடையே ஒன்பது மாதம். அவர் ஆடினார், தென்னாப்பிரிக்கா 2-0 என்று வென்றது. செப்டம்பர் 29 அன்று ஃபிஃபா அதை லெசோத்தோவுக்கு 3-0 என்று மாற்றி 10,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் போட்டது. அக்டோபர் 14 அன்று ருவாண்டாவை 3-0 என்று வென்று 18 புள்ளியோடு தென்னாப்பிரிக்கா கரை சேர்ந்தது. நைஜீரியாவும் பெனினும் 17இல் நின்றன. ஒரு புள்ளியில் பிழைத்த பிழை அது.

ஈக்வடோரியல் கினியின் கதை இன்னும் விநோதம். பத்தாண்டு கழித்து, 2023 நவம்பரில் நமீபியாவையும் லைபீரியாவையும் ஆளுக்கு 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர், அதே என்சூவே. அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பையில் ஐந்து கோலோடு அதிகக் கோல் அடித்தவர் விருதையும் வாங்கினார். 2024 மே மாதம் ஃபிஃபா பழைய ஆவணங்களைத் திறந்தது. நாடு மாறுவதற்கான அனுமதி அப்போதும் முறையாக இல்லை. இரண்டு வெற்றியும் பறிபோயின, அவருக்கு ஆறு மாதத் தடை. 2013இல் இரண்டு ஆட்டத்தைப் பறிகொடுத்த பின்னும் அந்தத் தாள் நேராக்கப்படவில்லை. பத்து வருடம் யாரும் கேட்காமல் இருந்ததை அனுமதி என்று எடுத்துக்கொண்டார்கள் போலும்.

பிறகு

ராதேஸ் அடியில் கேப் வெர்டே அணி கலைந்துவிடவில்லை. 2014 பிப்ரவரியில் ஃபிஃபா தரவரிசையில் 27ஆம் இடம், அந்த நாடு அதுவரை தொட்டதிலேயே உயரமான இடம். அதே ஆண்டு பிரயாவில் சீன உதவியோடு கட்டிய 15,000 பேர் கொள்ளும் தேசிய அரங்கம் திறந்தது. அதுவரை சர்வதேச ஆட்டங்கள் நகரத்துக்குள் இருக்கும் வார்சியா மைதானத்தில்தான்.

வெளிநாட்டு வம்சாவளியினரைத் தேடிப் பிடிக்கும் வேலையும் வேகம் பிடித்தது. டப்ளினில் பிறந்த பின்கள வீரர் ரோபர்டோ லோப்பஸுக்கு அன்றைய பயிற்சியாளர் ரூய் அகுவாஸ் லிங்க்ட்இன்னில் போர்த்துகீசிய மொழியில் செய்தி அனுப்பினார். லோப்பஸ் அதை விளம்பரக் குப்பை என்று ஒதுக்கிவிட்டார். பல மாதம் கழித்து இரண்டாவது செய்தி வந்தபோதுதான் மொழிபெயர்த்துப் பார்த்தார். இப்படிச் சேரும் ஒவ்வொரு வீரரும் ஒரு கோப்பு: பெற்றோர் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், வேறு நாட்டு இளையோர் அணியில் ஆடியிருந்தால் ஃபிஃபாவின் மாற்று அனுமதி. என்சூவேயால் மூன்று புள்ளி பெற்ற நாட்டுக்கு இந்தக் கோப்பின் விலை தெரியும்.

2026 தகுதிச் சுற்றில் கேமரூன், லிபியா, அங்கோலா, எஸ்வாட்டினி, மொரிஷியஸ் ஆகியவற்றோடு ‘டி’ குழு. பயிற்சியாளர் புபிஸ்தா. தொடக்கம் அங்கோலாவுடன் 0-0. 2024 ஜூனில் யவுண்டேயில் 1-4 என்று அடி வாங்கினார்கள். சுற்று முழுவதிலும் தோற்றது அந்த ஓர் ஆட்டம்தான். 2025 செப்டம்பர் 9 அன்று பிரயாவில் டைலன் லிவ்ரமென்டோவின் ஒற்றைக் கோலில் கேமரூனை 1-0 என்று வீழ்த்தினார்கள். அக்டோபர் 8, திரிபோலியில் லிபியாவிடம் 1-3 என்று பின்தங்கி, 76ஆவது நிமிடத்தில் சிட்னி கப்ராலும் 82ஆவது நிமிடத்தில் வில்லி செமெடோவும் போட்ட கோலால் 3-3. அங்கே ஜெயித்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

அக்டோபர் 13, பிரயா, எஸ்வாட்டினி. இடைவேளை வரை கோல் இல்லை. 48ஆவது நிமிடத்தில் லிவ்ரமென்டோ, 54இல் செமெடோ. கூடுதல் நேரத்தில் மாற்று வீரராக வந்த 37 வயது ஸ்டோபிரா மூன்றாவதைப் போட்டார். பத்து ஆட்டத்தில் ஏழு வெற்றி, இரண்டு டிரா, ஒரு தோல்வி, 23 புள்ளி. கேமரூனுக்கு 19. இந்த முறை குழுவில் முதலிடம் வந்தாலே நேரடியாக உள்ளே, பிளே-ஆஃப் கிடையாது. பத்து ஆட்டத்திலும் களத்தில் விழுந்த ஸ்கோர்தான் கடைசிப் பட்டியலிலும் நின்றது.

டிசம்பர் குலுக்கலில் ஸ்பெயின், உருகுவே, சவுதி அரேபியாவோடு ‘எச்’ குழு கிடைத்தது. தகுதிச் சுற்றில் வாங்கிய ஒற்றை மஞ்சள் அட்டைகள் இறுதிச் சுற்றுக்கு வராது. கழியாமல் கிடக்கும் சிவப்பு அட்டைத் தடை வரும்.